வாக்கும் அருளும்: சொன்ன சொல்லைக் காப்பது யார்?

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் மாசிப் பெருவிழாவின்போது மகிழடி சேவை நடக்கிறது. சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்ததை நினைவுகூரும் நிகழ்ச்சி அது. பெரிய புராணம் சொல்லும் அந்தக் கதையை அடியாரின் பெருமையாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். ஒருமுறை அதை வாக்குறுதியின் கதையாகவும் கேட்டுப் பார்க்கலாம். சுந்தரருக்குத் திருவாரூரில் பரவையார் என்ற மனைவி இருக்கிறார். ஒற்றியூருக்கு வந்தவர் சங்கிலியாரைக் கண்டு மணக்க விரும்புகிறார். 'உன்னைப் பிரிய மாட்டேன்' என்று சத்தியம் செய்தால்தான் மணம் என்கிறது பெண்ணின் தரப்பு. ஆரூரை விட்டு நெடுநாள் இருக்கத் தன்னால் முடியாது என்பது சுந்தரருக்குத் தெரியும். எனவே இறைவனிடமே ஓர் ஏற்பாடு கேட்கிறார்: தான் சன்னிதியில் சத்தியம் செய்கிற வேளையில் இறைவன் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும். இறைவன் ஒப்புக்கொள்கிறார். அதே இரவில் சங்கிலியாரின் கனவிலும் தோன்றி, சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுகிறார்.

மறுநாள் தோழியர் சன்னிதி வேண்டாம், மகிழடி போதும் என்கிறார்கள். சுந்தரர் தான் விரித்த வலையில் தானே சிக்கி, மரத்தை மூன்று முறை வலம் வந்து சத்தியம் செய்கிறார். பிறகு ஒருநாள் ஆரூர் விழாவின் நினைவு மேலிட, ஊர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்களும் மறைகின்றன. தன் தோழனான இறைவனிடமே அழுது முறையிட்டபடி நடக்கிறார். இன்றைய பூண்டிப் பக்கத்துத் திருவெண்பாக்கத்தில் கிடைப்பது ஓர் ஊன்றுகோல் மட்டும். காஞ்சியில் இடக்கண் வருகிறது. திருவாரூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் வலக்கண்.

இந்தக் கதையில் அருள் எங்கே இருக்கிறது? சாட்சியாக மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறது. தப்பிக்கும் வழியை அடைக்கிறது. வாக்கு மீறப்பட்டதும் கண்டிக்கிறது. கண்டித்த கையே ஊன்றுகோலை நீட்டுகிறது. திரும்பும் வழியில் ஒவ்வொரு ஊராகப் பார்வையை மீட்டுத் தருகிறது. 'கடவுள் அருளால் என் வாக்கைக் காப்பேன்' என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் ஒன்றைத்தான் எண்ணுகிறோம்: தளரும் நேரத்தில் மேலிருந்து ஒரு பலம் வந்து தாங்கும் என்பதை. ஆனால் இந்தக் கேள்வியை ஆழமாக யோசித்த மரபுகள் எல்லாம் அருளின் வேலையை இதைவிட அகலமாகக் கண்டிருக்கின்றன. வாக்குக் கொடுக்கும் கணத்தில் பணிவைத் தருவது, தவறான வாக்கைத் தடுப்பது, தவறியவன் திரும்பி வரும் வழியைத் திறந்து வைப்பது ஆகிய மூன்றும் தாங்கும் பலத்துக்கு முன்னே வந்து நிற்கின்றன. இவற்றில் திரும்பி வரும் வழியே மிக முக்கியமானது என்பது என் முடிபு. அதற்கான காரணங்களைத்தான் இங்கே எடுத்து வைக்கிறேன்.

தத்துவத்தில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த இடம் ஐந்தாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ உலகம். ஹிப்போ நகரின் ஆயர் அகஸ்டின் தன் இளமையில் மனம் மாறத் துடித்தும் மாற முடியாமல் தவித்தவர். 386-இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அந்தத் தவிப்பு முடிவுக்கு வந்ததைத் தன் 'ஒப்புதல்கள்' நூலில் விரிவாக எழுதினார். கடவுள் கட்டளையிடுவதைச் செய்யும் ஆற்றலையும் அவரே தர வேண்டும் என்று அதே நூலில் வேண்டினார். ரோமில் ஒரு ஆயர் இந்த வேண்டுதலைச் சொல்லக் கேட்டபோது, பிரிட்டனிலிருந்து வந்த துறவி பெலேஜியஸ் கொதித்துவிட்டார் என்று அகஸ்டினே பின்னாளில் பதிவு செய்கிறார். பெலேஜியஸின் கோபத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ரோமாபுரியின் வசதியான கிறிஸ்தவர்கள் 'நாங்கள் பலவீனர்கள்' என்று சொல்லிக்கொண்டே மனம்போல வாழ்ந்ததை அவர் கண்முன்னே பார்த்தார். செய்ய முடியாததைக் கடவுள் கேட்கமாட்டார், எனவே கேட்டதைச் செய்ய உன்னால் முடியும் என்றார். சொன்ன சொல்லைக் காற்றில் விடுகிறவர்கள் நடுவே வாழும் எவருக்கும் இந்தக் குரல் நியாயமாகவே கேட்கும்.

418-இல் கார்த்தேஜ் சங்கம் பெலேஜியஸின் கொள்கையைத் தள்ளியது. ஆனால் எனக்கு அந்தத் தீர்ப்பைவிட முக்கியமாகப் படுவது, அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வட ஆப்பிரிக்காவின் ஹாத்ருமேத்தம் மடத்தில் எழுந்த ஒரு கேள்விதான். அகஸ்டினின் எழுத்தைப் படித்த துறவிகளில் சிலர் இப்படிக் கேட்டார்கள்: உறுதியில் நிலைத்திருப்பதும் அருள்தான் என்றால், நாங்கள் தவறும்போது மடத் தலைவர் எங்களை ஏன் கண்டிக்கிறார்? அருள் கிடைக்கவில்லை, அதனால் தவறினோம். கண்டிப்பதை விட்டுவிட்டு எங்களுக்காக வேண்டிக்கொள்ளட்டுமே. மடத்தின் சோற்றறையிலும் தோட்டத்திலும் கிளம்பியிருக்கக்கூடிய கேள்வி இது. அகஸ்டின் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். கண்டிப்பும் அருள் வந்து சேரும் வழிகளில் ஒன்று, அதை அருளுக்கு எதிராக நிறுத்தாதீர்கள் என்பது அதன் சாரம். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் எழுதிய இன்னொரு நூலில், இறுதிவரை நிலைத்திருப்பது என்பதே ஒரு கொடை என்று வாதிட்டார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அவர் சொல்வது விளங்குகிறது: உறுதியை நீ உன் சொத்தாக வைத்துக்கொள்ள முடியாது, நாள்தோறும் கேட்டு வாங்க வேண்டும், ஆனால் அது வந்து சேரும் வழிகளில் சக மனிதரின் கடிந்த சொல்லும் உண்டு.

தமிழ் வைணவத்தில் இதே கேள்வி வேறு வடிவில் வந்தது. தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் வாயில் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியா அடியவன் என்ற வழக்கு வடகலை, தென்கலை வேறுபாட்டை விளக்க எல்லோரும் சொல்வது. வேதாந்த தேசிகருக்கும் பிள்ளை லோகாசாரியருக்கும் இடையிலான கருத்து வேறுபாடு இந்த இரண்டு குட்டிகளுக்குள் அடங்கிவிடாது. இரு சாராரும் பொதுவாக ஏற்கும் சரணாகதியின் ஆறு அங்கங்களைப் பாருங்கள். முதல் அங்கமே ஒரு சங்கல்பம்: இறைவனுக்கு உகந்ததையே செய்வேன் என்ற உறுதி. இரண்டாவது, உகவாததை விடுவேன் என்பது. அதே பட்டியலில் கார்ப்பண்யமும் இருக்கிறது, அதாவது என்னால் ஆவது ஒன்றுமில்லை என்ற உணர்வு. 'செய்வேன்' என்பதும் 'என்னால் ஆகாது' என்பதும் ஒரே செயலின் உறுப்புகளாக நிற்கின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு முரணாகத் தோன்றும் இது, வாக்குக் கொடுத்து அதைக் காக்கப் பாடுபட்டவருக்கு முரணாகத் தோன்றாது. காக்க முடியும் என்ற நிச்சயம் இல்லாமலேயேதான் நாம் மனைவிக்கும் பிள்ளைக்கும் கடவுளுக்கும் வாக்குக் கொடுக்கிறோம்.

சைவ சித்தாந்தம் இதைக் கால ஒழுங்கில் வைத்துப் பேசுகிறது. நல்வினை தீவினை இரண்டையும் ஒன்றாகக் காணும் இருவினையொப்பு, உயிரை மறைக்கும் மலம் முதிர்ந்து கழியும் மலபரிபாகம், பிறகு அருள் பதியும் சத்திநிபாதம். உயிர் பக்குவப்படப் பக்குவப்பட அருள் பதிகிறது. உமாபதி சிவம் அருளுக்கென்றே நூறு குறட்பாக்களில் 'திருவருட்பயன்' எழுதினார். யார் முதலில் தொடங்குவது என்ற சண்டையைச் சித்தாந்தம் ஓரளவு தணித்துவிடுகிறது. அருள் எப்போதும் உடனிருக்கிறது, அதைக் காணாதபடி மறைக்கும் மலம் தேய வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு.

முதல் அடியை வைப்பது யார் என்ற விவாதம் அறிவுக்கு இனியது. ஆனால் இன்று மாலை ஆறு மணிக்குத் தன் சொல்லைக் காக்க வேண்டிய மனிதருக்கு அது அதிகம் உதவாது. அவருக்கு உதவுவது, சத்தியம் எப்படிச் செய்யப்படுகிறது, எப்படிக் காக்கப்படுகிறது, உடைந்தால் என்ன செய்வது என்ற ஏற்பாடுகள். இந்த ஏற்பாடுகளை மிகக் கவனமாகச் செய்தவர்களில் ஒருவர் ஆறாம் நூற்றாண்டின் இத்தாலியத் துறவி பெனடிக்ட்.

மான்டே கஸினோ மடத்தில் அவர் வகுத்த ஒழுங்கு நூலின் 58-ஆம் அதிகாரம் புதிதாக வருபவரைச் சேர்ப்பது பற்றியது. வந்தவரை எளிதில் உள்ளே விடாதே என்றே தொடங்குகிறது. சேர்ந்த இரண்டு மாதத்தில் ஒழுங்கு நூல் முழுவதும் அவருக்குப் படித்துக் காட்டப்படும். பிறகு ஆறு மாதம் கழித்து மறுபடி. பிறகு நான்கு மாதம் கழித்து மூன்றாம் முறை. இதுதான் நீ சுமக்கப்போகும் சட்டம், முடியுமானால் இரு, முடியாவிட்டால் தாராளமாகப் போ என்று சொல்லப்படும். ஓராண்டு முடிந்த பிறகே வாக்கு. அந்த வாக்கைத் தன் கையாலேயே எழுதிப் பலிபீடத்தின்மேல் வைத்துவிட்டு, புதியவர் சங்கீதத்திலிருந்து ஒரு வேண்டுதலை மூன்று முறை சொல்கிறார்: என்னை ஏற்றுக்கொள்ளும், என் நம்பிக்கை வீண்போக விடாதேயும் என்ற பொருளில். 'நான் செய்வேன்' என்று எழுதிய தாளின்மேல் 'எனக்கு உதவும்' என்ற குரல் ஏறுகிறது. மடத்திலுள்ள எல்லாரும் அந்த வேண்டுதலைத் திருப்பிச் சொல்கிறார்கள். வாக்குக் கொடுத்தவரின் வேண்டுதல் அப்போதே அனைவரின் வேண்டுதலாகிவிடுகிறது.

அதே நூலின் 68-ஆம் அதிகாரம், முடியாத காரியத்தைச் செய்யச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்கிறது. முதலில் பணிவோடு ஏற்றுக்கொள். உண்மையிலேயே உன் சக்திக்கு மீறியது என்றால் தகுந்த நேரம் பார்த்து மூத்தவரிடம் காரணத்தைச் சொல். அதன்பிறகும் அவர் வலியுறுத்தினால் கடவுளின் துணையை நம்பிச் செய். முடியாததை முடியாது என்று சொல்லும் உரிமை அருளை நம்புவதற்கு முன்னால் வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். 'கடவுள் பலம் தருவார்' என்று சொல்லி அடுத்தவர் வாயை அடைக்கும் மதத் தலைவர்கள் இந்த வரிசையை அடிக்கடி தலைகீழாக்கிவிடுகிறார்கள். இன்னொரு அதிகாரம், 29-ஆவது, மடத்தை விட்டுப் போனவர் திரும்பி வந்தால் என்ன செய்வது என்பது. திருந்துவதாக ஒப்புக்கொண்டால் கடைசி வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று முறை வரை. எண்ணிக்கை எதுவாகவும் இருந்திருக்கலாம். வாக்கை உடைத்தவர் திரும்புவார் என்று எதிர்பார்த்து, அவருக்கான இடத்தையும் குறித்து ஒரு சட்டம் எழுதப்பட்டது என்பதுதான் பெரிது.

இஸ்லாமிய வாழ்வில் நாளையைப் பற்றிச் சொல்லும் எந்தச் சொல்லோடும் 'இன்ஷா அல்லாஹ்' சேர்கிறது. இறைவன் நாடினால் என்று சேர்க்காமல் நாளை இதைச் செய்வேன் என்று சொல்ல வேண்டாம் என்பது குர்ஆனின் பதினெட்டாம் அத்தியாயத்தில் உள்ள அறிவுரை. யாக்கோபின் நிருபமும் கிறிஸ்தவர்களுக்கு இதையே சொல்கிறது. சத்தியம் முறிந்தால் செய்ய வேண்டியதையும் குர்ஆன் தெளிவாக வைத்திருக்கிறது: பத்து ஏழைகளுக்கு உணவு, அல்லது உடை, அல்லது ஓர் அடிமையின் விடுதலை, எதற்கும் வழியில்லாதவர் மூன்று நாள் நோன்பிருக்கலாம். முறிந்த சொல் பசித்தவர் வயிற்றில் சோறாகப் போய்ச் சேர்கிறது. யூதர்கள் யோம் கிப்பூர் நோன்பின் தொடக்க மாலையில் 'கோல் நித்ரே' ஓதிக் கடவுள் முன் செய்த பொருத்தனைகளிலிருந்து விடுதலை கேட்கிறார்கள். ஆனால் அந்த விடுதலை மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான சொல்லுக்கு மட்டும்தான். அண்டை வீட்டுக்காரனுக்குக் கொடுத்த வாக்கை எந்த வேண்டுதலும் கரைக்காது. அவனிடமே போய்ப் பேசித் தீர்க்க வேண்டும்.

இங்கே காந்தியின் எதிர்க்குரலையும் கேட்க வேண்டும். 1930-இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமத்தாருக்கு எழுதிய கடிதங்களில், 'முடிந்தவரை செய்வேன்' என்று சொல்வது பலவீனத்துக்கு இடம் கொடுப்பது என்று அவர் கண்டித்தார். அப்படியானால் 'இறைவன் நாடினால்' என்பதும் அந்த வகையா? இல்லை என்றே நினைக்கிறேன். 'முடிந்தவரை' என்பது என் சோம்பலுக்கு நானே எழுதிக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. 'இறைவன் நாடினால்' என்பது என் ஆயுளும் உடல்நலமும் என் கையில் இல்லை என்ற ஒப்புதல். நடைமுறையில் இரண்டாவதைச் சொல்லி முதலாவதை எண்ணுகிறவர்கள் உண்டு. அது சொல்லின் குற்றமல்ல. காந்தியும் அருளை மறுத்தவர் அல்லர். 1888-இல் லண்டன் போகும் முன், சமணத் துறவி பேசர்ஜி சுவாமி முன்னிலையில் தாய்க்கு அவர் கொடுத்த மூன்று வாக்குகள் புகழ்பெற்றவை: மது, மாமிசம், மாது மூன்றையும் தொடமாட்டேன் என்பது. விழ இருந்த தருணங்களில் தன்னைக் காத்தது கடவுளே என்று தன் வரலாற்றில் எழுதுகிறார். பலமற்றவனுக்குப் பலம் ராமன் என்ற பொருளில் ஓர் அத்தியாயத்துக்கே தலைப்பிட்டார்.

அதே காந்தி ஒரு வாக்கில் தடுமாறியதையும் மறைக்கவில்லை. 1912-இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் பாலை விட்டார். 1918-இல் கடுமையாக நோயுற்ற பிறகு மருத்துவர் பால் அவசியம் என்றார். சபதம் எடுக்கும்போது பசுவையும் எருமையையும் மட்டுமே மனதில் வைத்திருந்ததால் ஆட்டுப்பால் குடிக்கலாம் என்ற வழி கிடைத்தது. குடித்தார், பிழைத்தார். ஆனால் சபதத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டேன் என்ற வருத்தம் அவரை விடவில்லை.

எழுத்துக்கும் உயிருக்கும் இடையிலான இந்த இடைவெளியில் திருநீலகண்ட நாயனாரை நிறுத்திப் பார்க்க வேண்டும். தில்லையில் குயவர். பரத்தையிடம் போய்வந்த கணவனிடம் மனைவி, 'எம்மைத் தொடாதீர்' என்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுவிட்டார். அவர் பன்மையில் சொல்லிவிட்டதால் வேறு எந்தப் பெண்ணையும் மனதாலும் தீண்டேன் என்று கணவர் அதை விரித்து எடுத்துக்கொண்டார். சுந்தரர் தன் வாக்கைச் சுருக்க இடம் தேடினார். இந்தக் குயவரோ தனக்கெதிராக இடப்பட்ட ஆணையை இன்னும் பெரிதாக்கிக்கொண்டார். ஒரே வீட்டில், அயலார் அறியாமல், முதுமை வரை இருவரும் அப்படியே வாழ்ந்தார்கள். அந்த நீண்ட ஆண்டுகளில் எந்த அற்புதமும் நடந்ததாகப் பெரிய புராணம் பாடிய சேக்கிழார் சொல்லவில்லை. கடைசியில் சிவனடியாராக வந்த இறைவன் தான் கொடுத்துவைத்த திருவோட்டை மறையச் செய்து, மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்யச் சொல்லி நெருக்கும்போது, இருவரும் மூங்கில் தண்டின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். எழும்போது இளமை திரும்பியிருக்கிறது. சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் இன்றும் இருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் அருளின் இடம் இளமை திரும்பிய குளத்தில் மட்டும் இல்லை. யாரும் பார்க்காத அந்த வீட்டுக்குள், வெறுப்பு வளர்ந்துவிடாமல் இரண்டு பேர் முதுமையடைய முடிந்ததே, அதற்குள்ளும் இருக்கிறது.

எல்லா வாக்கும் காக்கத் தக்கதும் அல்ல. இந்த இடத்தில்தான் பக்திப் பேச்சுகள் பெரும்பாலும் கவனக்குறைவாக இருக்கின்றன. விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில் யெப்தா, போரில் வென்றால் வீட்டு வாசலில் முதலில் எதிர்ப்படுவதைப் பலியிடுவதாகப் பொருத்தனை செய்கிறான். எதிர்ப்பட்டது அவனுடைய ஒரே மகள். அவன் சொல்லைக் காத்தான். அவள் உயிர் போனது. எந்தக் கையும் அவனைத் தடுக்கவில்லை. அந்த அமைதி அந்த நூலை வாசிப்பவரை இன்றும் அலைக்கழிக்கிறது. திருவொற்றியூரிலேயே கலிய நாயனார் கதை இருக்கிறது. கோயிலில் விளக்கெரிப்பதைத் தொண்டாகக் கொண்டவர் வறுமைக்கு ஆளானபின் மனைவியை விற்கவும் துணிகிறார்; வாங்க ஆளில்லாமல் போகவே, எண்ணெய்க்குப் பதில் தன் இரத்தத்தை வார்க்கக் கழுத்தை அறுக்கத் தொடங்குகிறார். இறைவனின் கை வந்து பிடித்துக்கொள்கிறது. கணமங்கலத்து அரிவாட்டாயர் கதையிலும் அப்படியே: அமுது சிந்திவிட்டதற்காகக் கழுத்தில் வைத்த அரிவாளை இறைவனின் கை நிறுத்துகிறது. இந்தக் கதைகளை உறுதியின் உச்சம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நான் அவற்றை வேறு விதமாகப் படிக்கிறேன். இரண்டிலும் அருள் உறுதியை நிறைவேற்ற உதவவில்லை. நிறைவேறாமல் தடுக்கத்தான் வந்தது. விற்கப்படவிருந்த அந்த மனைவியின் பக்கம் நின்று படித்தால், அந்தக் கை இன்னும் முன்னதாகவே வந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். என் நேர்த்திக்கடனுக்கு என் வீட்டார் பட்டினி கிடக்க நேர்ந்தால், அதைக் காக்க அருள் கேட்பது பிழை. அதிலிருந்து விடுபடவே கேட்க வேண்டும்.

மார்ட்டின் லூதரின் வாழ்வும் இந்தக் கேள்வியில்தான் திரும்பியது. 1505 ஜூலையில் இடி மின்னலுக்கு அஞ்சிப் புனித அன்னாவிடம் வாக்குக் கொடுத்துத் துறவியானவர், 1521-இல் துறவு வாக்குகளைப் பற்றி ஒரு நூலே எழுதி, அருளைச் சம்பாதிக்க எடுக்கும் வாக்கு அருளுக்கே எதிரானது என்று வாதிட்டார்.

இனி நம் ஊர்ப் பக்கம். கார்த்திகை முதல் நாளில் மாலை போட்டுக்கொண்டு ஒரு மண்டலம் விரதம் இருக்கும் ஐயப்ப பக்தர்களைப் பார்க்காத தெரு இல்லை. அதுவரை தினமும் மதுக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர் நாற்பத்தொரு நாள் தொடாமல் இருக்கிறார். செருப்பில்லாமல் நடக்கிறார், விடியலில் குளிக்கிறார், குரல் உயர்த்தாமல் பேசுகிறார். 'ஐயப்பன் பார்த்துக்கிறார்' என்கிறார். அவர் மனைவியும் அதையே சொல்கிறார், கண்ணில் நிம்மதியோடு. மலைக்குப் போய்வந்து மாலை கழற்றிய சில நாளில் பலர் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவது ஊரறிந்த காட்சி. இதை வைத்து அந்த விரதத்தைப் பொய் என்பவர்கள் அதன் சாதனையைக் காணத் தவறுகிறார்கள். நாற்பத்தொரு நாள் நின்றது உண்மை. நிறுத்தியவை எவை என்று பார்த்தால் பாடம் கிடைக்கும். கழுத்தில் மாலை, உடலில் கருப்பு உடை. எதிர்ப்படும் ஒவ்வொருவரும் 'சாமி' என்று அழைக்கிறார்கள், அவரும் எதிரில் இருப்பவரை 'சாமி' என்கிறார். குருசாமி ஒருவர் தலைக்குமேல் இருக்கிறார். மாலையில் பஜனைக்குக் கூட்டம் இருக்கிறது. குடிக்கும் கூட்டத்தைவிட்டு வேறொரு கூட்டத்துக்குள் அவர் குடிபெயர்ந்துவிட்டார். மாலையைக் கழற்றும்போது இவை எல்லாம் ஒரே நாளில் கழன்றுவிடுகின்றன. நாற்பத்திரண்டாம் நாள் அவரைச் 'சாமி' என்று யாரும் அழைப்பதில்லை.

எதிர்த் திசையிலிருந்து இதே சிக்கலை அணுகியது 1935-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரில் பிறந்த 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற குடிநோயாளர் தோழமை. தொழில் காரியமாக வந்து தோல்வியோடு விடுதிக் கூடத்தில் நின்ற பில் வில்சன், பக்கத்திலிருந்த மதுக்கூடத்தின் இழுப்பை உணர்ந்து, ஊர்ப் பாதிரியார்களுக்குத் தொலைபேசியில் பேசி இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் மருத்துவர் பாப் ஸ்மித். சில வாரம் கழித்து ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன ஸ்மித் மறுபடி குடித்துவிட்டுத் திரும்பினார். வில்சன் அவரைக் கைவிடவில்லை. ஸ்மித் கடைசியாகக் குடித்த நாள் என்று கொள்ளப்படும் ஜூன் 10 தான் அந்த அமைப்பின் பிறந்த நாள். முதல் உறுப்பினர்களில் ஒருவர் விழுந்து எழுந்த நாளையே தங்கள் தொடக்கமாக எண்ணுகிறார்கள்; திரும்பி வருதலே உறுதியின் அடித்தளம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கலிலேயாக் கடற்கரையில் பேதுருவுக்கு நடந்ததும் இதுதான். உம்மை மறுதலிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து அதே இரவில் மூன்று முறை மறுதலித்தவரிடம், உயிர்த்தெழுந்த இயேசு மூன்று முறை அன்பைக் கேட்டு, மூன்று முறை பொறுப்பை ஒப்படைக்கிறார்.

அந்தத் தோழமையின் பன்னிரண்டு படிகளில் முதல் மூன்று இப்படிப் போகின்றன: குடியின் முன் நாங்கள் சக்தியற்றவர்கள் என்று ஒப்புக்கொள்வது, எங்களைவிடப் பெரிய ஓர் ஆற்றல் எங்களை மீட்கும் என்று நம்புவது, தாங்கள் உணர்ந்தபடியான கடவுளிடம் வாழ்வை ஒப்படைப்பது. கார்ப்பண்யம், விசுவாசம், ஆத்ம சமர்ப்பணம் என்று ஒரு ஸ்ரீவைஷ்ணவர் இவற்றுக்குப் பெயர் வைத்துவிடுவார். வாழ்நாள் சபதம் அங்கே இல்லை. இன்று ஒருநாள் குடிக்கமாட்டேன் என்பது மட்டும்தான். ஆனால் அந்த ஒருநாள் முடிவதே இல்லை, கூட்டமும் கலைவதே இல்லை. 2020-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு 27 ஆய்வுகளில் 10,565 பேரைத் தொகுத்துப் பார்த்து, தொடர்ந்து குடிக்காமலிருப்பதில் இந்தத் தோழமையும் அதை ஒட்டிய சிகிச்சையும் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக நிற்பதாகக் கண்டது. இது கடவுளை நிரூபிக்கும் எண் அல்ல. பலன் பெரும்பாலும் நட்பு வட்டம் மாறுவதால் வருகிறது என்று இத்துறை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம்பிக்கையுள்ளவர் இதைக் கேட்டுச் சங்கடப்பட வேண்டியதில்லை. கடிந்த சொல் அருளின் வழியாக முடியுமானால், இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியை எடுக்கும் இன்னொரு குடிநோயாளியின் குரலும் ஆக முடியும்.

தவறியபின் என்ன நடக்கிறது என்பதையும் உளவியல் கவனித்திருக்கிறது. ஆலன் மார்லாட் 1985-இல் ஜூடித் கார்டனோடு வெளியிட்ட நூலில் விளக்கியது இது: விரதத்தை ஒருமுறை உடைத்தவர், 'எல்லாம் போச்சு, இனி என்ன' என்ற எண்ணத்தில் முழுவதுமாக உடைத்துவிடுகிறார். ஒரு குவளை ஒரு வாரமாவது குற்ற உணர்வின் பாரத்தால். தன் உறுதி முழுவதும் தன் பலத்தால் ஆனது என்று நம்புகிறவருக்கு இந்த ஆபத்து அதிகம். விழுந்தால் அவர் யார் என்பதே விழுந்துவிடுகிறது. அருளை நம்புவது மெத்தனத்தை வளர்க்கும் என்ற பெலேஜியஸின் அச்சத்துக்கு இதுவே என் பதில். மெத்தனம் வளரலாம், ஆனால் மன்னிப்பை அறியாத உறுதி முதல் சறுக்கலிலேயே நொறுங்கிவிடும்.

மனிதருக்குக் கொடுத்த வாக்கில்தான் இவை எல்லாம் சோதிக்கப்படுகின்றன. தென் கரோலினாவின் கொலம்பியா நகரத்து விவிலியக் கல்லூரித் தலைவர் ராபர்ட்சன் மெக்குயில்கின் 1990-இல் பதவியை விட்டார். அவர் மனைவி மூரியலுக்கு அல்சைமர் மறதிநோய். இந்த முடிவு நாற்பத்திரண்டு ஆண்டுக்கு முன்னே, நோயிலும் உடனிருப்பேன் என்று வாக்குக் கொடுத்த அன்றே எடுக்கப்பட்டுவிட்டது என்றார். கடமையால் மட்டும் அல்ல, அவளோடு இருக்க எனக்கு வாய்த்ததாகவே நினைக்கிறேன் என்ற பொருளிலும் பேசினார். 'காத்த வாக்கு' என்ற பொருள்படும் தலைப்பில் 1998-இல் நூலும் எழுதினார். மூரியல் 2003 வரை உயிரோடிருந்தார். இவ்வளவு சாதாரணமான காரியத்துக்கு ஏன் இத்தனை பாராட்டு என்று அவரே வியந்தார். ஒரு புற்றுநோய் மருத்துவர்தான் விளக்கினாராம், மனைவிமார் பெரும்பாலும் கணவனோடு நின்றுவிடுகிறார்கள், கணவன்மார் நிற்பது அரிது என்று.

நம் வீடுகளிலும் அதுதான் நிலை. பக்கவாதம் வந்த கணவரைப் புரட்டிப் படுக்கவைத்து, புண் வராமல் துடைத்து, ஆண்டுக்கணக்கில் வெளியூர் போகாத பெண்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டால், 'அந்த முருகன்தான் நடத்துறான்', 'கர்த்தருடைய கிருபை', 'அல்லாஹ் போதுமானவன்' என்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை என்றே நம்புகிறேன். அந்த உண்மையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டி நகரும் உரிமை மற்றவர்களுக்கு இல்லை. பெனடிக்டின் ஒழுங்கு நூலில் 35-ஆம் அதிகாரம் சமையலறை முறைக்காரர்களைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை முறை தொடங்குபவர், கடவுளே உதவிக்கு வாரும் என்ற வேண்டுதலை மூன்று முறை சொல்ல வேண்டும். முறையை முடிப்பவர், உதவி செய்தீரே என்று மூன்று முறை நன்றி சொல்ல வேண்டும். வலுவில்லாதவர் மனச்சோர்வோடு அந்த வேலையைச் செய்ய நேராதபடி அவருக்கு உதவியாள் கொடுக்கப்பட வேண்டும் என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது.